டிக்கெட்டில் ஏழு தப்பு

“இங்க இங்கிலீஷ் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா, இல்ல எல்லாருக்கும் இன்னிக்கு லீவா?”

கண்ணாடிக் கதவைத் தள்ளும்போதே சக்கரபாணி ஆரம்பித்துவிட்டார். பின்னால் வந்த மகன் கோகுலகிருஷ்ணனுக்கு அப்படியே வேனுக்குத் திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

திண்டிவனத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன டிராவல்ஸ் ஆபீஸ் அது. இரண்டு வருஷம் அலைந்து கோகுலுக்குத் தோஹாவில் ஒரு வேலை கிடைத்திருந்தது. நாளைக் காலை எட்டு மணிக்கு அங்கே கம்பெனியில் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு என்று லெட்டரிலேயே போட்டிருந்தார்கள். அதனால் நல்ல நேரம் பார்த்து, சாயங்காலம் நாலு மணிக்கே விழுப்புரத்திலிருந்து கிளம்பியாகிவிட்டது. வெளியே வேனில் அம்மா பாஞ்சாலியும் சித்தப்பா குடும்பமும் வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நேரே ஏர்போர்ட் போய் ராத்திரி பிளைட்டைப் பிடிக்க வேண்டியதுதான். ஆனால் அப்பாவுக்கு இங்கே இறங்கியே தீர வேண்டும்.

கவுண்டரில் இருந்த ரிஸ்வானா எழுந்து நின்றாள். அவள் பார்வை சக்கரபாணியைத் தாண்டிக் கோகுலிடம் போய் நின்றது.

“சார்... இவரு...”

“இவன்தான் என் பையன். நீ அடிச்ச டிக்கெட்டு இவனுக்குத்தான். இதைத் தூக்கிக்கினு இவன் ஏர்போர்ட்டுல போய் நிக்கணுமா? பாக்கிறவன் சிரிக்க மாட்டான்?”

மடித்த தாளை மேஜைமேல் விரித்தார். முப்பத்திரண்டு வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். சிவப்புப் பேனா மட்டும் இன்னும் ரிடையர் ஆகவில்லை, சட்டைப் பையிலேயே இருந்தது. தாள் பூராவும் வட்டம் வட்டமாகச் சுழித்து வைத்திருந்தார்.

“மொத்தம் ஏழு தப்பு. ‘செக் இன் பண்ணு’ன்னு சொன்னா நடுவுல கோடு, அதான் ஹைபன், வேணாம். ‘செக்-இன் கவுண்டர்’னு எழுதினா கோடு போடணும். ‘ஒன்-வே டிக்கெட்’டுக்குக் கோடு எங்க? ‘கேரி-ஆன் பேக்’குக்குக் கோடு எங்க? ‘ஹேண்ட் லக்கேஜ்’ஜுக்குக் கோடே கிடையாது, அதுல கொண்டுபோய்ப் போட்டு வெச்சிருக்கே!”

“சார், நேத்து நான் போன்ல...”

“ஆமா, மூணு வாட்டி அடிச்சே. நான்தான் எடுக்கல. ஏன் தெரியுமா? அதுக்கு முன்னாடி நீ அனுப்பின மெசேஜ்லயும் கோடு இல்ல. திருத்தி அனுப்பினேனே, பாத்தியா இல்லியா?”

“பாத்தேன் சார்.”

அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. கோகுலுக்கு உடம்பே கூசியது. ஓட்டல் மெனு கார்டு, கல்யாணப் பத்திரிகை என்று அப்பா பேனாவை எடுக்கிற இடத்திலெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு வளர்ந்தவன்தான் அவன். ஆனாலும் அவன் வயசுப் பெண் ஒருத்தியை இப்படி நிற்க வைத்துப் பேசுவதைப் பார்க்க அவமானமாக இருந்தது.

“விடுப்பா, போலாம்” என்றான் மெதுவாக.

“நீ சும்மா இரு. இந்தாம்மா, புதுசா ஒண்ணு அடிச்சுக் குடு. கோடெல்லாம் சரியா இருக்கணும்.”

ரிஸ்வானா உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்ட ஆரம்பித்தாள். ஒன்றைத் திறந்தாள், மூடினாள், இன்னொன்றைத் திறந்தாள்.

“ஒரு தாள் அடிக்க இவ்ளோ நேரமா? நான் பாட்டுக்குப் பேசிக்கினே இருக்கேன், நீ நிமிர்ந்துகூட பாக்க மாட்டேங்கிறியே!”

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து முதலாளி கலீல் ரஹ்மான் வந்தார். ரிஸ்வானா திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“சார், மன்னிச்சுக்குங்க. மொதல்ல உக்காருங்க, தண்ணி குடிங்க.”

“தண்ணியெல்லாம் வேணாம் பாய். மன்னிப்புக் கேட்டீங்களே, அது போதும். தப்புன்னா ஒத்துக்கணும், வெட்கப்படணும். அப்பத்தான் அடுத்த வாட்டி ஜாக்கிரதையா இருப்பாங்க.”

ரிஸ்வானாவின் கண் கலங்கிவிட்டது. கோகுலால் தாங்க முடியவில்லை.

“ஸாரிங்க. எங்கப்பா எப்பவும் இப்படித்தான். மனசுல வெச்சுக்காதீங்க” என்றான்.

அவள் அவனைத்தான் பார்த்துச் சொன்னாள்.

“இன்னிக்கு ராத்திரி எந்த பிளைட்டுலயும் ஒரு சீட்டுகூட இல்லீங்க. இவ்ளோ நேரம் அதைத்தான் தேடிக்கினு இருந்தேன்.”

“எங்களுக்கு எதுக்கும்மா சீட்டு? அதான் டிக்கெட்டு இருக்கே!” என்றார் சக்கரபாணி.

ரிஸ்வானா தாளை அவர் பக்கம் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தாள்.

“பதினெட்டாம் தேதி, பூஜ்யம் பூஜ்யம் முப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு சார். அப்படின்னா நேத்து பதினேழு முடிஞ்சு, பதினெட்டு பொறந்து முப்பத்தஞ்சாவது நிமிஷம். இவரு போக வேண்டிய பிளைட்டு நேத்து ராத்திரியே போயிடுச்சு. கிளம்பிட்டீங்களான்னு கேக்கத்தான் மூணு வாட்டி போன் பண்ணேன்.”

வெளியே, நேரமாகிறது என்று சித்தப்பா வேன் ஹாரனை அடித்தார். சக்கரபாணி தாளின்மேல் குனிந்தவர், மகன் முகத்தைப் பார்க்க நிமிரவே இல்லை.

ஏழு சிவப்பு வட்டங்களுக்கு நடுவே, தேதியும் நேரமும் இருந்த அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் மட்டும், ‘சரி’ என்று அவர் தன் கையாலேயே ஒரு டிக் போட்டிருந்தார்.