ஷெட்டில் அடித்த வாடை

அந்த வாடை சங்கிலியம்மாளுக்கு நன்றாகத் தெரியும். அவள் அப்பன் மயிலாடும்பாறையில் இருந்த நிலத்தையெல்லாம் குடித்தே தீர்த்தவர். அதனால்தான், குடிக்காத மாப்பிள்ளை வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்று, சொந்தமாக லாரி ஓட்டும் கருத்தக்கண்ணனைக் கட்டிக்கொண்டாள்.

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டதும் ஊரில் பாதி லாரிகள் படுத்துவிட்டன. கருத்தக்கண்ணன் மட்டும் வருசநாட்டுப் பஞ்சைத் தேனிக்கு ஏற்றிக்கொண்டுதான் இருந்தான். புருஷன் கெட்டிக்காரன் என்று அவளுக்குப் பெருமை. அந்தப் பெருமையில் மண்ணைப் போட்டதுபோல, வீட்டுக்குப் பின்னால் லாரி ஷெட்டில் சாராய வாடை.

எட்டிப் பார்த்தாள். பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் தகர டின்கள் ஒளிந்திருந்தன. கருத்தக்கண்ணன் ஒரு செப்புக் குழாயை அனலில் காட்டி வளைத்துக்கொண்டிருந்தான். செப்புக் குழாய் எதற்கென்று அவளுக்குத் தெரியாதா? காய்ச்சவே ஆரம்பித்துவிட்டான்.

"என்ன வேலை நடக்குது?"

"கார்புரேட்டர் மக்கர் பண்ணுது. வைத்தியம் பாக்குறேன். நீ இங்கன வராத" என்றான், முகத்தைப் பார்க்காமல்.

நேரே ஸ்டேஷனுக்கு நடந்தாள். ஏட்டு முத்துக்கருப்பன் சாராயக் கேஸ்களில் பேர் வாங்கியவர்.

"அவுகள ஜெயிலுக்கு அனுப்ப வேணாம் ஏட்டையா. ஒரு அதட்டுப் போட்டு விட்டுருங்க. எங்கப்பன் மாதிரி ஆயிருவாகளோன்னு பயமா இருக்கு."

"அழுகாத ஆத்தா, நான் பாத்துக்கிறேன்."

லத்தியோடு ஏட்டு ஷெட்டுக்குள் போனார். அவள் வெளியே நின்றாள். முதலில் அதட்டல் கேட்டது. பிறகு குசுகுசுப் பேச்சு. நடுவில் லாரி ஒருமுறை உறுமி அடங்கியது. கடைசியில் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

வெளியே வந்த ஏட்டின் சட்டையிலும் அதே வாடை.

"உன் புருசன் தங்கமான மனுசன் ஆத்தா. கேஸும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று மீசையைத் துடைத்துக்கொண்டே போனார்.

படுபாவி, ஏட்டையாவுக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டான்.

மறுநாள் காலையில் கருத்தக்கண்ணன் டின்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி, சாக்கைப் போட்டு மூடி, ஸ்டேஷன் பக்கமே தள்ளிக்கொண்டு போனான். ஒரு ஆள் போதாதென்று மொத்த ஸ்டேஷனையுமே கெடுக்கப் போகிறான். இன்ஸ்பெக்டரிடமே சொல்லிவிடுவது என்று, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

ஸ்டேஷனின் பின்புறம் கருத்தக்கண்ணன் மல்லாந்து கிடந்தான். போலீஸ் வேனுக்கு அடியிலிருந்து அவன் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஏட்டு, புனலை வைத்து, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் சாராயத்தை வேனின் டேங்கில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அவளைப் பார்த்ததும் அசடு வழிந்தார்.

"உங்க லாரி இம்புட்டு நாளா இதுலதான் ஓடுதாம். எங்க வேனுக்கும் அதே மாதிரி செப்புக் குழாய் போட்டு மாத்திக் குடுக்கிறாரு."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"என்ன செய்ய ஆத்தா, மலையில சாராயம் காய்ச்சுறவனப் பிடிக்கப் போகணும், வண்டிக்குப் பெட்ரோல் இல்ல."