கடலுக்கடியால் வரும் கறண்ட்

கண்டாவளை வெயிலில் வாடிக் கிடந்த மிளகாய்க் கன்றுகளுக்குப் பரமலிங்கம் மோட்டர் போட்டுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். பாதிப் பாத்திகள்தான் நனைந்திருந்தன.

"இந்தியாவில இருந்து கடலுக்கடியால கறண்ட் வரப்போகுதாம், தம்பி," என்றார் வேலிக்கு அப்பால் பேப்பரும் கையுமாக நின்ற பத்மாசனி.

"வேண்டாமக்கா! ஒருநாள் கோவம் வந்தா சுவிச்சை அமத்திப்போடுவாங்கள்."

"அயலுக்குள்ள குடுத்து வாங்கிறதில என்ன பிழை?"

"ரோசமுள்ளவன் அயலவனிட்டக் கறண்ட் வாங்குவானே?"

"ஓமோ?" என்றபடி பத்மாசனி குசினிக்குள் போனார்.

மோட்டர் நின்றது.

நனையாத பாத்திகளைப் பார்த்தார் பரமலிங்கம். பிறகு, பத்மாசனியின் குசினியிலிருந்து வேலிக்கடியால் தன் மோட்டருக்கு வரும் வயரைப் பார்த்தார்.

"அக்கோய்!" வேலியில் ஏறாத குறையாகக் கூப்பிட்டார். "இந்தியாக் கறண்ட் வரட்டும்! நல்ல சாமானக்கா!"