ஒரே ஒரு பட்டன்

"இதையும் உன் வெப்சைட்ல போடப் போறியா? வெள்ளைப் பக்கத்துல ஒரே ஒரு சிவப்புப் பட்டன். வேலை குடுக்கிறவன் சிரிப்பான்" என்றான் கணவன்.

ஆம்புலன்ஸை அழைக்க அவள் வடிவமைத்து, இலவசமாக வெளியிட்ட செயலி அது. பிடிவாதமாக அதையே முதலில் வைத்தாள்.

நேர்காணலில் மேலாளர் அந்தப் பக்கத்தைத் தாண்டவே இல்லை.

"இதுல ஏன் ஒரு எழுத்துகூட இல்ல?"

"பதற்றத்துல யாருக்கும் படிக்க ஓடாது சார். அதான் பட்டன் மேல ஆம்புலன்ஸ் படம் மட்டும் போட்டேன்."

அவர் திரையையே பார்த்தார். வேலை கைநழுவிவிட்டது என்றே அவள் நினைத்தாள்.

"நான் வீட்ல மயங்கி விழுந்தப்ப, கூட இருந்தவ என் போன்ல இதைத்தான் அமுக்கினா. அதனாலதான் இன்னிக்கு இங்க உட்கார்ந்திருக்கேன்."

"உங்க மனைவியா சார்?"

"என் பொண்ணு. அப்ப அவளுக்கு மூணு வயசு."