சேதி சொல்லாத வண்டி

முதலில் என்னை அவமானப்படுத்தியது என் சம்பந்திதான். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

போன மாதம் கார் கிளப் கூட்டத்தில், அத்தனை பேருக்கு நடுவே என் செருப்பு ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

“சம்பந்தி, படிக்கட்டுலயே ஒண்ணை விட்டுட்டு வந்துட்டீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். வார் தளர்ந்த செருப்பு, கழன்றுவிட்டது. அதற்கு ஊரைக் கூட்ட வேண்டுமா?

கிளப்பில் அவருக்குப் பட்டப்பெயர் ‘ஸ்கேல்’. பந்தயத்துக்கு முன் வண்டிகளைச் சோதித்து அனுப்புகிறவர். ஒரு நூல் பிசகினாலும் விடமாட்டார். ஹெல்மெட் வார் நைந்திருக்கிறது என்று பெற்ற மகனையே, அதாவது என் மாப்பிள்ளையையே, இறக்கிவிட்ட ஆள். “மாமா வாயில பொய்யே வராதுப்பா” என்று என் மகள் வேறு புராணம் பாடுவாள்.

நான் வெல்டிங் பட்டறைக்காரன். படிப்பு ஏறவில்லை. ஆனால் பழைய கார் ஒன்றை அறுத்து, குழாய் வளைத்து, நானே ஒரு வண்டி கட்டினேன். இரண்டு சீட்டு. கூரை கிடையாது. உட்கார்ந்தால் தரை கைக்கு எட்டும். மலைப்பாதைப் பந்தயத்தில் அதை ஓட்டி அவர் வாயை அடைப்பது என்று முடிவு.

பந்தயத்தன்று கிளம்பும்போதே மனைவி ஆரம்பித்தாள். “கால் மரத்துப்போகுதுன்னீங்களே. டாக்டரைப் பாத்துட்டு அப்புறம் ஓட்டக் கூடாதா?”

“சர்க்கரை இருந்தா மரக்கத்தான் செய்யும். வாயை மூடிட்டு வா.”

வண்டிகள் வரிசையில் நின்றன. என் வண்டியைச் சுற்றிக் கூட்டம்.

“ஸ்போர்ட்ஸ் கார்னா ரெண்டு சீட்டுதான் இருக்கணும்” என்றார் பக்கத்து வண்டிக்காரர்.

“சும்மா இருய்யா. என்ஜின் உறுமணும், அதான் முக்கியம்” என்றார் இன்னொருவர்.

ஸ்கேல் தலையை ஆட்டினார். “உறுமல் லாரிக்கும்தான் இருக்கு. ரோடு என்ன சொல்லுதோ, அது ஓட்டுறவனோட கைக்கும் காலுக்கும் சேதியா வரணும். அதான் ஸ்போர்ட்ஸ் கார். மத்ததெல்லாம் வேகமா ஓடுற சோபா.”

சொல்லிவிட்டு என் வண்டியை எடுத்துக்கொண்டு தானே ஒரு சுற்றுப் போய் வந்தார். இறங்கும்போது பானெட்டை ஒரு தடவை தடவிக்கொடுத்தார். எனக்கு அப்போதே ஜெயித்த மாதிரி இருந்தது.

“இப்ப நீங்க உட்காருங்க சம்பந்தி. விளக்கு பாக்கணும்.” பின்னால் போனார். “பிரேக்கை மிதிங்க.”

“மிதிச்சாச்சு.”

பின்னால் விளக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

“நல்லா மிதிங்க.”

“இதுக்கு மேல மிதிச்சா கால் வண்டிக்கு அடியில போயிடும்!”

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மெதுவாக முன்னால் வந்தார். குனிந்து என் காலடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்னாச்சு ஸ்கேல் சார்? பிரேக் போச்சா?” யாரோ கத்தினார்கள்.

நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார்.

“விளக்கு சரியா எரியுது. ஆனா சேதி வரலை. இது ஸ்போர்ட்ஸ் கார் இல்ல. பந்தயத்துல விட முடியாது.”

எனக்குத் தலைக்கு ஏறியது. “இப்பதானே ஓட்டிப் பாத்தீங்க? என்ன குறை? எல்லார் முன்னாலயும் சொல்லுங்க!”

“சாவியைக் கொடுங்க.”

“தர மாட்டேன்.”

கையை உள்ளே விட்டுச் சாவியைப் பிடுங்கினார். மாப்பிள்ளையிடம் வீசினார். “மாமாவை வீட்டுல விடு. நீதான் ஓட்டணும். சாவி உன்கிட்டயே இருக்கட்டும்.”

“பொண்ணைக் கொடுத்த பாவத்துக்கு இதுவும் வேணுமா எனக்கு?” என்று கத்தினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை. மாப்பிள்ளை வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே கிளம்பினார்.

மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். “ஏங்க, விளக்கு எரியுதுன்னு சொன்னாரே...”

“எரியாம? என் கையால போட்ட வயரிங்.”

“நான் பின்னாடிதான் நின்னேன். எரிஞ்ச மாதிரியே தெரியலை. வெயில்ல எனக்குத்தான் தெரியலையோன்னு நினைச்சேன்.”

சுருக்கென்றது. ஷெட்டுக்குப் போனேன். அவளைப் பின்னால் நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். சாவி இல்லாவிட்டாலும் பிரேக் விளக்கு எரியும்.

மிதித்தேன். “எரியுதா?”

“இல்லீங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். “இப்ப?”

“இல்லீங்க.”

வயரைப் பார்க்கலாம் என்று குனிந்தேன்.

பிரேக் தன்பாட்டுக்குச் சும்மா நின்றது. என் கால் அதற்குப் பக்கத்தில், வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

அவர் குனிந்து பார்த்ததும் இதைத்தான்.

பெற்ற மகனுக்காகக்கூட ஒரு பொய் சொல்லாத மனிதர். என் காலை நாலு பேர் பார்த்துவிடக் கூடாது என்று ஒரே மூச்சில் இரண்டு பொய் சொல்லியிருக்கிறார். விளக்கு எரிகிறது என்று ஒன்று. என் வண்டி ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்று ஒன்று.

முதல் பொய்யை மன்னித்துவிட்டேன். இரண்டாவதை அதே கூட்டத்துக்கு முன்னால் அவர் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரை அது எனக்குப் பாக்கிதான்.