கார்டில் மிச்சமிருந்த இடம்

வேங்கிக்கால் வேடியப்பன் பந்தைக் காலால் தொட்டதில்லை. ஆனாலும் சென்னைக் கால்பந்து அணிக்குப் புதிய கோச் வந்ததிலிருந்து, வாரம் தவறாமல் போஸ்ட் கார்டில் அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார்.

"ஆறாவது மேட்சும் தோத்துட்டான்!" பேப்பரை வீசினார். "சொந்த மூளைன்னு ஒண்ணு இருக்கா அந்தாளுக்கு?"

"உங்களைக் கேட்டாங்களா?" என்றாள் மனைவி திரௌபதி.

"கேட்டிருந்தா ஜெயிச்சிருப்பானே!"

மறுநாள் வாசலில் ஒருவர் நின்றார்.

"நான்தாங்க அந்தக் கோச். வேலை போயிடுச்சு. கிரிவலம் வந்தேன், அப்படியே உங்களையும் பாத்துட்டுப் போலாம்னு..."

வேடியப்பன் அவசரமாகக் கைகூப்பினார். "ஏதோ கோவத்துல எழுதிட்டேன் சார். மனசுல வெச்சுக்காதீங்க."

கோச் தன் பையிலிருந்து ஆறு கார்டுகளை எடுத்து நீட்டினார்.

"கோல்கீப்பரை மாத்தச் சொன்னீங்க, மாத்தினேன். இதுல எழுதினதை ஒண்ணு விடாம செஞ்சேங்க. என்னைவிட உங்களுக்கு ஜாஸ்தி தெரியும்னு நம்பிட்டேன்."

அவர் போனதும் வேடியப்பன் கூனிக்குறுகி உட்கார்ந்து, அடுத்து வரப்போகும் கோச்சுக்கு எழுதினார்: 'ஐயா, கண்டவர்கள் கார்டில் எழுதுவதையெல்லாம் கேட்காதீர்கள்.'

கார்டில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது.

'பழைய கோல்கீப்பரையே திரும்ப நிறுத்துங்கள்.'