லைலின் கையெழுத்து

வான் நைஸ் பகுதியில் ஒரு பழைய வீட்டின் அடுக்களையில் வெண்தூசி இன்னும் அடங்கவில்லை. ஜன்னல் வெயிலில் மெல்லச் சுழல்கிறது. சம்மட்டியோடு நிற்கும் டெக்ஸ்டருக்கு அறுபத்திரண்டு வயது. தொலைக்காட்சியில் பழைய வீடுகளை இடித்துப் புதுப்பித்துக் காட்டுகிறவன். ஒரு காலத்தில் கண்மையும் விறைத்து நிற்கும் தலைமுடியுமாக மேடையில் அலறிப் பாடியவன். அவனுடைய அந்த மெட்டல் ராக் இசைக்குழு அன்று குடியிருந்தது இதே வீட்டில்தான். சற்று முன் கேமரா ஓட, சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தை அவன் உரித்தபோது உள்ளே ஒரு வரி தெரிந்தது: "டெக்ஸ், என் பீரைத் தொடாதே." குழுவின் டிரம்மர் லைல், சாவதற்கு முந்தின வாரம் எழுதியது. டெக்ஸ்டர் நிஜமாகவே தேம்பி அழுதான். அழுதுகொண்டேதான் சுவரை உடைத்தான்.

"பிரமாதம் டெக்ஸ்," என்கிறாள் டைரக்டர் மார்னி. "ஆனா உன் மைக் செத்துக் கிடந்திருக்கு. ஒரு சத்தமும் பதிவாகல. இன்னொரு தடவ எடுத்துடலாம்."

அவன் வாயைத் திறப்பதற்குள் புதுப் பலகை சுவரில் ஏறிவிடுகிறது. செட் போடும் ஜோலீன், போனில் படத்தைப் பார்த்துப் பார்த்து அந்த வரியை மார்க்கரால் எழுதுகிறாள். டெக்ஸ்டர் விரல் மோதிரத்தைத் திருகியபடி பார்த்துக்கொண்டிருக்கிறான். காலடியில் உடைந்த சுவரின் ஒரு சில்லு; அதில் அவன் பெயர் மட்டும்.

"எழுத்து இப்படி நிமிர்ந்து நிக்காது ஜோலீன். லைல் இடதுகைக்காரன். இங்க குடு."

மார்க்கரை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, இடதுகையால் முழு வரியையும் எழுதி முடிக்கிறான். அதன்மேல் காகிதத்தை ஒட்டுகிறார்கள். சம்மட்டியை எடுத்துக்கொண்டு மார்னியிடம் திரும்புகிறான்.

"போன தடவ எந்தக் கண்ணுல முதல்ல தண்ணி வந்துச்சு?"