கடைசிக் கம்பி

வரவேற்பு மேடையில் ரெஜினாவின் எலக்ட்ரிக் கிட்டாரில் மெல்லிய கம்பி மூன்றாவது முறையாக அறுந்தது. பையில் இனி ஒரே ஒரு கம்பிதான். மணமகள் மேடையேறும் பாட்டோ கிட்டாரில்தான் தொடங்க வேண்டும்.

"மட்டமான கம்பி அக்கா," என்றான் டிரம்ஸ் வாசிக்கும் அந்தோ.

"சும்மா இருடா. மூணும் ஒரே இடத்துல அறுந்திருக்கு."

கம்பி அமரும் பிரிட்ஜில் விரல் நுனியை ஓட்டினாள். கடுகளவு பிசிறு சுருக்கென்று குத்தியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மணப்பெண் அறைக்கு ஓடினாள்.

"நகம் தேய்க்கிற அரம் இருக்காம்மா?"

"இந்தாங்கக்கா, சீக்கிரம் திருப்பிக் குடுங்க. இன்னும் ரெண்டு விரல் பாக்கி!"

பிசிறை வழவழவென்று தேய்த்துவிட்டு, கடைசிக் கம்பியை மாட்டி முறுக்கினாள். பாவம் அந்தோ, கண்ணை இறுக மூடிக்கொண்டான். முதல் சுரத்திலேயே ரெஜினா கம்பியை ஆசை தீர இழுத்து வளைத்தாள். அது கூவிய கூவலில், மெல்ல நடந்து வர வேண்டிய மணமகள் ஆடிக்கொண்டே வந்தாள்.